செவலையின் கொடியும் சேஷய்யாவின் சுவரும்

போன வாரம் ராஜா குளத்து வாத்துகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, வாத்து மேய்த்த கதையைக்கூடவா ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள் என்று கேட்டாள் என் மருமகள். படிக்கிறார்கள் அம்மா, படிக்கிறார்கள். வாத்துக்கே இப்படிச் சலித்துக்கொண்டால் மாட்டுக்கு என்ன சொல்வாளோ தெரியவில்லை. இந்த வாரம் மாடுதான்.

புரட்டாசி மாதத்தில் ஒரு காலை. ராஜாவூட்டு மேட்டில், பழைய பெரிய சுவருக்குக் கீழே எங்கள் செவலை வலி கண்டு நிற்கிறாள். வாலைத் தூக்குகிறாள், படுக்கிறாள், மறுபடி எழுந்து நிற்கிறாள். நான் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்துக் கோடாலியும் கயிறுமாக ஆட்கள் மேடேறி வருகிறார்கள். சுவருக்குப் பின்னால் நிற்கும் ஆலமரத்தை வெட்ட வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு ஆபீசர் சேஷய்யா வருகிறார்.

எனக்கு வயிறு எரிந்தது. மாடு ஈனுவதற்கும் மரம் வெட்டுவதற்கும் ஒரே நாளா கிடைத்தது இந்த மனுஷருக்கு?

அந்த மரத்துக்கும் அந்த மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பட்டணத்து வாசகர்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ராஜா குளித்த அறை

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், மலையை ஒட்டினாற்போல எங்கள் ஊர். ஊருக்குக் கிழக்கே அந்த மேடு. எந்த ராஜா, எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது. ராஜாவூடு என்று சொல்வோம், அவ்வளவுதான். இடுப்பளவுக்கு நின்ற செங்கல் சுவர்கள், படி வைத்த ஒரு சின்னக் குளம், சுண்ணாம்புத் தரை போட்ட அறைகள். கூரை எந்தக் காலத்திலோ போய்விட்டது. ஒரே ஒரு சுவர் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு முழுசாக நின்றது.

மேட்டை ஒட்டி எங்கள் நிலம். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் கொல்லையில் முழங்கால் சேறு. மேட்டில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காது. அதனால் எங்கள் நைனாவும், அதாவது அப்பாவும், அவருக்கு முந்தியவர்களும் பெரிய சுவருக்குக் கீழிருந்த அறைக்குப் பனையோலை வேய்ந்து மாடு கட்டிவந்தார்கள். பக்கத்து அறையில் ஆடு. குளத்தில் வாத்து. ராஜா வீட்டை முழுசாக அனுபவித்தது எங்கள் வீட்டுக் கால்நடைகள்தான்.

மனுஷர் கை வைக்காத இடமானதால் செடிகொடிக்குக் குறைவில்லை. நொச்சியும் ஆடாதோடையும் சுவர் சுவராகப் புகுந்து வளர்ந்திருந்தன. கல் இடுக்கில் கீரி குடியிருந்தது. விடிகாலையில் மயில் வந்து சுவர்மேல் உட்கார்ந்து ஊரையே எழுப்பும். குளத்தங்கரையில் நார்த்தை மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. யாரும் நட்டதில்லை.

சேஷய்யா வந்த புதிதில் அந்த வரிசையைப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார். இது அந்தக் காலத்து அரண்மனைத் தோட்டம், அந்த மரங்களின் பழம் விழுந்து விழுந்து முளைத்த வம்சம் இது என்றார். மண்ணுக்குள்ளே ஏதோ வாய்க்கால் ஓடுது, ஈரம் இருக்கிற பக்கம் முளைச்சிருக்குது என்றார் நைனா. யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊறுகாய் நன்றாக இருக்கும்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து வந்த கொஞ்ச நாளில் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். கோதாவரிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, தடிமனான கண்ணாடி. பழைய கட்டடங்களைத் தோண்டிப் பார்த்துக் காபந்து செய்யும் உத்தியோகம். மேட்டின் மறுகோடியில் டேரா போட்டுக்கொண்டு ஒண்டியாக இருந்தார். எங்கள் அம்மாவைக்கூட "அம்மகாரு" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அம்மா அதற்கே பாதி உருகிவிட்டாள்.

மீதிப் பாதி உருகாமல் போனதற்குக் காரணம் உண்டு. நாங்கள் மாடு கட்டும் அறை ராஜா குளித்த அறை என்று ஒருநாள் கண்டுபிடித்தார். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் சாணம் போட்டு மெழுகி வந்த தரை அது. அவர் ஆட்களை வைத்து ஒரு மூலையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். சாணி மெழுகின இடத்தை அசுத்தம் என்று ஒருத்தர் கழுவிவிட்டால் எந்தப் பெண்பிள்ளைக்குப் பொறுக்கும்? வாரக்கணக்கில் அம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய உயிரெல்லாம் அந்தப் பெரிய சுவரில் இருந்தது. அதன் உள்பக்கம் சுதை வேலை செய்திருந்தார்கள். கொடி ஓடும், கொடிக்குக் கீழே வாத்து வரிசை, ஓரத்தில் ஒரு மாடு, அதன் மடியில் முட்டுகிற கன்று. மூக்கும் காதும் உதிர்ந்திருந்தாலும் மாடு என்று தெரியும். எங்கள் மாடுகள் காலகாலமாக முதுகு தேய்த்தும் அது மிஞ்சியிருந்தது. அவர் சாயங்காலங்களில் சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பார்.

சுவருக்குப் பின்னால்தான் அந்த ஆலமரம். வேரெல்லாம் சுவருக்குள் புகுந்து, காரையை உள்ளிருந்து நெம்பிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் காற்றும் சேர்ந்துகொண்டால் மரம் சுவரைத் தள்ளிவிடும், அதற்கு முன்னால் மரத்தை எடுத்தாக வேண்டும் என்பது அவர் கவலை. மேலிடத்துக்கு எழுதி உத்தரவும் வாங்கிவிட்டார்.

பால் வடியும் மரம்

இப்போது எங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன்.

மாடு கன்று போட்டதும் நஞ்சுக்கொடி விழும். அதைக் கண்ட இடத்தில் எறியக்கூடாது. வைக்கோலில் சுற்றி மூட்டையாகக் கட்டி, பால் வடிகிற மரமாகப் பார்த்து உயரத்தில் தொங்கவிட வேண்டும். ஆலமரம்தான் அதற்கு உகந்தது. நாய் நரி வாய் வைக்கக்கூடாது. அப்படிக் கட்டினால் மரத்தில் பால் ஊறுகிற மாதிரி மாட்டின் மடியிலும் ஊறும். எங்கள் பக்கத்தில் தமிழாளும் கட்டுவான், தெலுங்காளும் கட்டுவான். சுற்று வட்டாரத்துக்கே பெரிய ஆலமரம் மேட்டு மரம்தான். எந்நேரமும் அதில் பத்திருபது மூட்டை காய்ந்துகொண்டிருக்கும். சேஷய்யா முதலில் அதையெல்லாம் ஏதோ பறவைக் கூடு என்று நினைத்தாராம்.

செவலைக்கு இது மூன்றாவது ஈத்து. முதல் ஈத்தில் கட்டின மூட்டை அறுந்து விழுந்து நாய் இழுத்துக்கொண்டு போனது. கன்று செத்தது, பாலும் நின்றது. இரண்டாவது ஈத்தில் அடைமழை, யாரும் பார்க்காத நேரத்தில் செவலையே கொடியைத் தின்றுவிட்டாள். அந்தக் கன்றும் தங்கவில்லை. மடி சுருங்கிப் போனது.

நைனா அதிகம் பேசாதவர். ஆனால் சொன்னால் சொன்னதுதான். இந்த ஈத்தும் தப்பினால் செவலையைச் சந்தைக்கு ஓட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார். கறவை நின்ற மாடு சந்தைக்குப் போனால் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் கன்றிலிருந்து வளர்த்தவள். நான் கூப்பிட்டால் மலையடியிலிருந்து ஓடி வருவாள். எனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூட நான் கேட்கவில்லை. எனக்கிருந்த கவலையெல்லாம் செவலைதான்.

அந்த மரத்தை வெட்டத்தான் கோடாலி வந்தது. இப்போது சொல்லுங்கள், என் வயிறு எரியாதா?

கமிட்டிக்காரர்கள்

எல்லைச் சண்டை நடந்த காலம் அது. எங்கள் ஊர் மதராஸுக்கா ஆந்திராவுக்கா என்று தினமும் ஒரு கூட்டம், தினமும் ஒரு ஊர்வலம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்து என்று பிழைத்துவந்த எங்களுக்கு, நீ யார் பக்கம் என்று கேட்டால் சட்டென்று வாயில் பதில் வராது.

மரத்துக்கு உத்தரவு வந்த சேதி தெரிந்ததும் ஊரை மதராஸோடு சேர்க்கச் சொன்ன எல்லைக் கமிட்டிக்காரர்கள் நைனாவிடம் வந்தார்கள். தெலுங்கு ஆபீசர் தமிழன் மரத்தை வெட்டுகிறான் என்று மனு எழுதலாம், போட்டோ பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றார்கள். நைனா மாட்டுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார்.

"மாடு எந்த ஸ்டேட்டுனு பாத்துக்கினா ஈனுது? போங்கையா, வேலையப் பாருங்க" என்றார்.

அவர்களுக்குக் கோபம். என்றாலும், வெட்டுகிற அன்றைக்கு வேடிக்கை பார்க்கத் தவறாமல் வந்து மேட்டோரம் நின்றுகொண்டார்கள்.

மரத்தின்மேல் முனெய்யா

வெட்ட வந்தவர்களில் முனெய்யா என்று ஒருவன் மரமேறி. கார்வேட்டிநகரம் பக்கத்துத் தெலுங்காள். தமிழும் தெலுங்கும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பேசுவான். இடுப்பில் கோடாலியைச் செருகிக்கொண்டு, கிளை இறக்கும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சரசரவென்று ஏறிவிட்டான். அப்போதுதான் நைனா சேஷய்யாவிடம் போய்க் கும்பிட்டு, மாடு வலியில் இருக்கிறது, கிளை முறிகிற சத்தத்தில் மிரண்டால் கன்று உள்ளேயே நின்றுவிடும், ஈன்று முடிக்கட்டும் என்று கேட்டார்.

சேஷய்யா மறுக்கவில்லை. மடக்கு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி நார்த்தை நிழலில் உட்கார்ந்தார். முனெய்யா இறங்க அலுத்துக்கொண்டு கவைக்கிளையில் சாய்ந்து பீடி பற்றவைத்தான்.

வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்னால் முன்னங்கால் தெரிந்தது. பிறகு மூக்கு. நைனா பக்குவமாகப் பிடித்து இழுத்தார். கிடாரிக் கன்று, தாயைப்போலவே செவலை. வைக்கோலால் துடைத்து, குளம்பின் மெத்தென்ற நுனியைக் கிள்ளிவிட்டு, தாய் முன்னால் போட்டோம். அவள் நக்க ஆரம்பித்ததும் நான் அழுதுவிட்டேன். சேஷய்யா எழுந்துவந்து எட்டிப் பார்த்து, கன்று எழுந்து நிற்குமா என்று கேட்டார். அரை நாழிகைக்குள் நின்றுவிட்டது.

ஆனால் கொடி விழவில்லை. தின்றால் கொடி விழும் என்று மூங்கில் தழை கொண்டுவந்து போட்டோம். அதை மென்றுகொண்டே நின்றாள். நான் அவள் பின்னாலேயே குந்திக்கொண்டேன். போன தடவை மாதிரிக் கொடியைத் தின்றுவிட்டால் தீர்ந்தது கதை. சாப்பிடக்கூட எழவில்லை. சேஷய்யாவும் கெடிகாரத்தைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார், மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

வெயில் சாய்ந்தபிறகு விழுந்தது. நைனா அதை வைக்கோலில் சுற்றிப் பனைநாரால் இறுக்கிக் கட்டினார். கட்டிவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். இன்றோ நாளையோ விழப்போகிற மரம். அதில் கட்டுவதா, வேண்டாமா? அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மேலேயிருந்து முனெய்யா கயிற்றை இறக்கினான். நைனா மூட்டையை அதில் கட்டினார். அவன் மெள்ள மேலே இழுத்து, தானிருந்ததற்கும் உயரமான கிளைக்கு ஏறி, பழைய மூட்டைகளுக்கெல்லாம் மேலே அதைக் கட்டினான். காக்காய் கொத்தாமல் இலையைச் சுற்றிவிட்டான்.

சேஷய்யா எழுந்து, சரி, இனி ஆரம்பிக்கலாம் என்றார்.

முனெய்யா மரத்தைவிட்டு இறங்கினான். இடுப்புக் கோடாலியை உருவி அவர் காலடியில் வைத்தான்.

"நேனு கொட்டனு தொரா" என்றான். நான் வெட்டமாட்டேன் என்று அர்த்தம். பிறகு எங்கள் எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னான்: "கட்ன கையாலயே வெட்றதா சாமி? எங்க வூட்லயும் மாடு கீது."

மற்ற ஆட்களும் ஒவ்வொருவராகக் கோடாலியைக் கீழே வைத்தார்கள். அத்தனை பேரும் தெலுங்காட்கள். மேட்டோரம் நின்ற கமிட்டிக்காரர்களுக்கு யாரை எதிர்த்துக் கத்துவது என்று தெரியாமல் போய்விட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

சேஷய்யா நைனாவைப் பார்த்து, எத்தனை நாளைக்கு என்று கேட்டார். மாடு பால் மறக்கிற வரைக்கும் என்றார் நைனா. அதாவது, இந்த மழைக்காலம் தாண்டி, அடுத்த கோடையும் தாண்டி.

எனக்கு நாக்கு நீளம் என்று ஊரிலேயே பெயர். நான் சும்மா இருக்கவில்லை. உங்க சுவரு பால் கறக்குமா சார் என்று கேட்டுவிட்டேன். நைனா என்னை முறைத்தார்.

சேஷய்யாவுக்குக் கோபம் வரவில்லை. சுவரிலிருந்த சுதை மாட்டைக் கையால் காட்டி, எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் மெதுவாகச் சொன்னார்: "அதுவும் மாடுதாம்மா."

"அத்த யாரும் சந்தைக்கு ஓட்டமாட்டாங்க சார்" என்றேன்.

அவர் கோடாலிகளையெல்லாம் டேராவில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்திருக்கலாம். போலீசைக் கூப்பிட்டிருக்கலாம். உத்தரவு கையில் இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

கார்த்திகை

செவலை பால் கொடுத்தாள். சீம்பால் முடிந்ததும் காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று ஆரம்பித்து, போகப்போக ஏறிக்கொண்டே போனது. மரத்தால்தானா, மூங்கில் தழையாலா, தவிட்டாலா என்று இன்றைக்குக் கேட்டால் நான் என்ன சொல்வேன். நைனா சந்தைப் பேச்சை எடுக்கவே இல்லை. கன்று குளத்தங்கரையில் வாத்துகளைத் துரத்திக்கொண்டு திரிந்தது.

சேஷய்யா சுவருக்கு முட்டுக் கொடுத்தார். சவுக்குக் கம்பு கொடுத்தது நைனா. நட்டுக் கொடுத்தது முனெய்யா. மரம் தள்ளுகிற பக்கத்துக்கு எதிராக வரிசையாகக் கம்பு நட்டு, மழை இறங்காமல் மேலே கீற்றுப் போட்டு, மனுஷர் தன்னாலான அத்தனையும் செய்தார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மலையே கரைகிற மாதிரிப் பெய்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவர் குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். சுவரில் புதுசாக வெடிப்பு விட்டிருக்கிறது, மாட்டையும் கன்றையும் உடனே அவிழ்த்து ஊருக்குள் கொண்டுபோங்கள் என்றார். ஊருக்குள் சேறு, கட்ட இடமில்லை என்று நைனா தயங்கினார். அவர் நைனாவுக்காகக் காத்திருக்கவில்லை. தானே போய்க் கன்றை மார்போடு தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். செவலை கத்திக்கொண்டே அவர் பின்னால் வந்தாள்.

மறுநாள் விடிந்து நான் சாணி வாரிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஓடினோம். சுவர் முழுசாக முன்பக்கம் சாய்ந்து, நாங்கள் மாடு கட்டும் அறையை மூடிக் கிடந்தது. ஓலைக் கூரையின் ஒரு கீற்றுகூட வெளியே தெரியவில்லை. செவலை நிற்கிற இடம் எது, கன்று படுக்கிற இடம் எது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அங்கே ஆள் உயரத்துக்குச் செங்கல். பின்னால் ஆலமரம் ஒரு கிளைகூட முறியாமல் நனைந்துகொண்டு நின்றது.

மழை விட்டதும் சேஷய்யா அந்தக் குவியலில் உட்கார்ந்து காரைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. நைனா போய், எங்களால உங்க சுவரு பூட்ச்சி சாமி என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் குந்தினேன். சுதைக் கொடியில் பாதி கிடைத்தது. வாத்துகள் சில கிடைத்தன. மாட்டின் திமிலும் ஒரு கொம்பும் கிடைத்தன. கன்று மட்டும் கிடைக்கவில்லை. சாயங்காலம் வரை தேடினோம். ஒரு துண்டைத் துடைத்துப் பார்ப்பார், இல்லை என்று வைப்பார், அடுத்ததை எடுப்பார். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

மரமா சுவரா என்று இன்றைக்குக் கேட்டாலும் செவலை பக்கம்தான் நிற்பேன், அதில் மாற்றமில்லை. ஆனாலும் அந்த மனுஷர் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. சேஷய்யா துண்டுகளையெல்லாம் வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு மாற்றலாகிப் போனார். அவரைப் பற்றிப் பிறகு ஒரு சேதியும் இல்லை. எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சாயங்காலம்தான்.

இருட்டுவதற்கு முன்னால் அம்மா பாலைச் சுடச்சுடக் காய்ச்சிச் சொம்பில் கொடுத்தனுப்பினாள். நான் டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினேன். கையெல்லாம் சுண்ணாம்பும் சேறுமாக இருந்ததால் வாங்கத் தயங்கினார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"செவலை பாலா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். இந்தப் பாலுக்காகத்தானே எல்லாம் போனது என்று சொல்லப்போகிறார், சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் நின்றுகொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டு டம்ளரை மறுபடி என்னிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.